ஐம்பத்தெட்டு ஆனதும் நாற்காலி

ஜூன் 3, திங்கள்

பொங்கலுக்கு நான் வேலை பார்த்த கடையில் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். ஐந்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு அதற்கு வேலை வந்துவிட்டது.

காலையில் கல்யாண மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம். முதலில் நான் எடை மெஷினில் ஏறினேன். அறுபத்தொன்று. முப்பது வயதில் என்ன இருந்தேனோ அதே. டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “அறுபத்தாறு வயசுன்னு நம்ப முடியலியே சார்” என்றார். பக்கத்தில் நின்ற நாலு பேர் காதிலும் விழுந்தது. பின்னாலேயே கோமு ஏறினாள். அறுபத்தாறு கிலோ. என் வயதும் என் மனைவியின் எடையும் ஒன்றாக வந்து நிற்கிறது. அந்த நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

எடையைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், இந்த வயதில் எடை மூட்டுக்கும் நெஞ்சுக்கும் பாரம் என்றார் டாக்டர். அதை நான் இருபது வருடமாகச் சொல்கிறேன். கூட இருந்த சின்ன டாக்டர் பெண் கோமுவின் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்றாள். இலவச முகாம் எதற்கு நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை ஆடித் தள்ளுபடி பார்த்தவன் நான்.

நாங்கள் இருவரும் ஒரே ஜவுளிக்கடை. நான் சேலைப் பிரிவுக்கு ஃப்ளோர் சூப்பர்வைசர். அவள் காட்டன் சேலை கவுண்டர், கல்யாணத்துக்கு முன்னும் பின்னும். காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி கடை அடைக்கும்வரை இருவருமே உட்கார்ந்தது இல்லை. உழைப்பு ஒன்றுதான். வாய்தான் வேறு.

வரும் வழியில் எடை மெஷின் ஒன்று வாங்கினேன். கோமுவுக்கு இலக்கு: ஐம்பத்தெட்டு.

ஜூன் 5, புதன்

அட்டவணை போட்டுவிட்டேன். எழுந்ததும் வெந்நீர். மைதானத்தில் நடை. காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி கஞ்சி. நாள் முழுவதும் நான்கு லிட்டர் தண்ணீர். தண்ணீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்று வாட்ஸப்பில் ஒரு டாக்டரே பேசியிருந்தார்.

மைதானத்தில் பாதிச் சுற்றிலேயே பின்தங்கிவிட்டாள். நான் ஒரு முழுச் சுற்று முடித்து வந்து பார்த்தால், கேலரிப் படியில் உட்கார்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். என் தலையைக் கண்டதும் எழுந்து நின்றாள். கடைப் பழக்கம். அது மட்டும் போகவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

அடுக்களைக்குள் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள். அதில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறாள், மாவு கரைக்கிறாள், போன் பேசுகிறாள். இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை பாருங்கள்.

“அடுக்களையில நாற்காலி எதுக்கு?”

“காய் நறுக்குத வரைக்கும் உக்காந்துக்கிடுதேன். காலு கடுக்குங்க.”

“நின்னு நறுக்கு. நின்னாத்தான் கொழுப்பு கரையும்.”

“அங்க நின்னதெல்லாம் போதாதா?”

நாற்காலியை மாடிக்கு ஏற்றிவிட்டேன். பொம்பளைக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் அந்த கவுண்டரில் விற்பனை படுத்துவிடும். சேலையை எடுத்துப் போட மனசு வராது, உடம்பு பெருக்கும், பேச்சு பெருக்கும். என் பிரிவில் இது நடந்ததே இல்லை. மாடிப்படி ஏற அவளால் முடியாது, அதனால் பூட்டத் தேவையில்லை.

ஜூன் 14, வெள்ளி

அறுபத்தேழு. ஏறியிருக்கிறது. மெஷினை இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன், நானும் ஏறிப் பார்த்தேன். மெஷினில் குற்றமில்லை.

“என்ன தின்ன?”

“நீங்க தந்ததத்தான் தின்னேன்.”

முறுக்கு டப்பா, வெல்லம், கடலை எல்லாவற்றையும் என் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று நான்கு லிட்டரும் குடித்து முடித்தாள். கடைசிச் செம்பு முடியும்வரை பக்கத்தில் நின்றேன்.

ஜூன் 22, சனி

நேற்று நெல்லையப்பர் தேர். வருடா வருடம் போகிறவள், இந்த முறை ரத வீதி முனையிலேயே நின்றுவிட்டாள். “நீங்க பாத்துட்டு வாங்க, நான் இங்கனக்குள்ள நிக்கேன்” என்றாள். நான் வடம் தொட்டுக் கும்பிட்டுத் திரும்பினால், மூடிய கடை ஒன்றின் ஷட்டரில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறாள். ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று. கூட்டம் என்பதால் ஆட்டோக்காரன் வாய்க்கு வந்ததைக் கேட்டான். கொடுத்துத் தொலைத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மெட்டி விரலில் பதிந்து கிடக்கிறது. சோப்புப் போட்டும் வரவில்லை. இன்று ஆசாரியிடம் கூட்டிப் போய் வெட்டி எடுத்தோம். தங்கச்சங்கிலியை அறுத்தவள் மாதிரி அழுகிறாள். வெள்ளி மெட்டி அது, வேறு வாங்கிக் கொள்ளலாம். விரல் மெலிந்தால் வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். அதற்கும் அழுகை.

ஜூன் 30, ஞாயிறு

பாக்கியம் வந்திருந்தாள். கோமுவுக்குப் பக்கத்து கவுண்டர், பட்டுச் சேலை. அவளும் ஓய்வுதான். நான் உள்ளே நுழைந்ததும் கட்டிலிலிருந்து விசுக்கென்று எழுந்து, “நல்லாருக்கியளா சார்” என்றாள். நான் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். சும்மா சொல்லக்கூடாது, என் பிரிவுப் பெண்களுக்கு வளர்ப்பு நன்றாக இருக்கும்.

இரண்டு பேரும் காலை நீட்டிக் காட்டி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியத்தின் காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடக்கிறது. கோமுவின் காலில் நரம்பே தெரியவில்லை, அவ்வளவு மொழுமொழுவென்று இருக்கிறது. பாக்கியம் கட்டைவிரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. மாவில் விழுந்த மாதிரி அப்படியே நின்றது.

“எல்லாம் ஜவுளிக்கடைக் காலு கோமு. நம்மள்ல யாருக்கு இல்ல? தலகாணிய வச்சு காலத் தூக்கி வச்சுக்க, வடிஞ்சிரும்.”

“தூக்கி வச்சுப் படுத்தா நெஞ்சு அடைக்கு பாக்கியம்.”

“அது வாயுவா இருக்கும். அங்க எத்தன வருசம் பட்டினி கெடந்து மூணு மணிக்குச் சோறு தின்னோம். தண்ணி குடிக்கவும் பயம். குடிச்சா பாத்ரூம் போகணும், போகணும்னா டோக்கன் வேணும், டோக்கன் சார் சட்டப்பையில இருக்கும்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “தப்பா நினைக்காதீய சார்” என்று சிரித்தாள்.

பிரிவுக்கு ஒரு டோக்கன் என்பது நிர்வாகத்தின் சட்டம். நான் வைத்திருந்தேன், அவ்வளவுதான். இல்லாவிட்டால் கல்யாண சீசனில் கவுண்டருக்கு ஒருத்தி மிஞ்சமாட்டாள். இப்போது பாருங்கள், அன்றைக்குக் குடிக்காத தண்ணீரையும் சேர்த்துக் கோமுவைக் குடிக்க வைக்கிறேன். அதற்கு நன்றி உண்டா?

பாக்கியம் கொண்டுவந்த சுசியத்தைத் தெருநாய்க்குப் போட்டேன். கோமு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் தின்று முடிக்கும்வரை பார்த்தாள்.

ஜூலை 4, வியாழன்

புதுப் பிடிவாதம். படுக்கமாட்டாள். மூன்று தலையணையை அடுக்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். படுத்தால் இருமல் வருகிறதாம், தண்ணிக்குள்ள அமுக்குத மாதிரி இருக்காம். எனக்குக் காரணம் தெரியும். அந்தச் சுவர் அடுக்களைக்குப் பக்கம். நான் அசந்ததும் எழுந்து போக வசதி.

இரண்டு தலையணையை எடுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் சேலைகளை மூட்டையாகக் கட்டி முதுகுக்கு வைத்திருக்கிறாள். எல்லாம் காட்டன் சேலை. மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தாள், அந்த வேலை மட்டும் மறக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து மகள் சங்கரி போன்.

“அப்பா, அம்மாவுக்கு ரெண்டு வார்த்தை பேசதுக்குள்ள மூச்சு வாங்குது. டாக்டர்ட்ட காட்டுனீங்களா?”

“குண்டா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும். டாக்டர் சொன்னதத்தான் நான் செய்யுதேன்.”

“எந்த டாக்டர்?”

“முகாம்ல பாத்த டாக்டர்.”

“அது போன மாசம்லப்பா.”

“எடைய குறைக்கச் சொன்னாரு. குறைச்சிட்டுப் போய்க் காட்டணும். குறைக்காமப் போய் நின்னா என்னையத்தான கேவலமா நினைப்பாரு?”

ஆடி முடியட்டும், லீவு போட்டு வருகிறேன் என்று வைத்துவிட்டாள். வரட்டும். அவளும் போன பொங்கலுக்குப் பார்த்ததைவிடக் கூடியிருக்கிறாள். வந்ததும் மெஷினில் ஏற்ற வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

அறுபத்தொன்பது. இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். அதேதான்.

ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். அப்படியும் ஏறுகிறது என்றால் எங்கிருந்தோ வருகிறது. காற்றைத் தின்று யாரும் பெருக்க முடியாது. கடையில் சாயங்காலம் பெண்களின் பையைச் சோதிப்பது போல இன்று வீட்டைச் சோதித்தேன். அரிசி டிரம்மைக் கவிழ்த்தேன். மெத்தையைப் புரட்டினேன். சாமி அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினேன். அவளுடைய சேலை மூட்டையையும் அவிழ்த்து ஒவ்வொன்றாக உதறினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றும் கிடைக்கவில்லை. கெட்டிக்காரி.

ஜூலை 18, வியாழன்

ஆடித் தள்ளுபடி தொடங்கியிருக்கிறது. சும்மா ஒரு எட்டு கடைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். கேட்டால் சட்டம் வந்துவிட்டதாம், நிற்கிறவர்களுக்கு உட்காரும் உரிமையாம். பூனம் சேலைப் பக்கம் ஒரு பெண் ஜம்மென்று உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருக்கிறாள். நான் எதிரே போய் நின்றேன். தலையைத் தூக்கி, “என்ன ரேஞ்சுல பாக்கணும் தாத்தா?” என்றாள். உட்கார்ந்தபடியே. ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். தாத்தாவாம்.

வீட்டுக்குள் நுழைந்தால் கோமு தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாள். வந்த கோபத்தில் அடுக்களை வாசலிலேயே நின்று, கடையில் கனைப்பது போலக் கனைத்தேன். பதறிவிட்டாள். சுவரைப் பிடித்து எழுந்துகொண்டே, “எந்திரிச்சிட்டேன் சார், எந்திரிச்சிட்டேன்” என்கிறாள்.

சார் என்கிறாள். கல்யாணமாகிப் பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் சார் என்கிறாள். சிரித்துவிட்டேன். கடையில் வந்த எரிச்சல் அதோடு போயிற்று.

ஜூலை 27, சனி

எழுபது. வயிறு கர்ப்பிணி மாதிரி முன்னால் நிற்கிறது. கன்னம் மட்டும் ஒட்டிப் போயிருக்கிறது. தின்கிறதெல்லாம் வயிற்றுக்கே போகிறதாக்கும். கஞ்சியைக்கூட இப்போது பாதியில் வைத்துவிடுகிறாள். நல்ல அறிகுறிதான்.

இன்று கெஞ்சினாள்.

“ஒரே ஒரு நாளைக்கு அந்த நாற்காலியக் கொண்டாங்களேன். தரையில உக்காந்தா எந்திரிக்க முடியல. கட்டில்ல உக்காந்தா முதுகு நிக்கல. கை வச்ச நாற்காலின்னா சாஞ்சு கொஞ்சம் மூச்சு விட்டுக்கிடுவேன்.”

“ஐம்பத்தெட்டு ஆனதும் கொண்டாரேன்.”

“சத்தியமா?”

“நான் என்னைக்குச் சொன்ன வார்த்தைய மாத்திருக்கேன்?”

தலையாட்டினாள். ஒரு குறிக்கோள் கொடுத்தால் ஆள் வேலை செய்யும். முப்பது வருட அனுபவம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மைதானத்தில் விழுந்துவிட்டாள். நான் எதிர்ப்பக்கம் நடந்துகொண்டிருந்தேன். கூட்டத்தைப் பார்த்து யாரோ என்று நினைத்து அந்தச் சுற்றை முடித்துவிட்டுத்தான் வந்தேன். அதற்குள் யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டார்கள். உதடெல்லாம் நீலம்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். நெஞ்சு ரொம்ப நாளாகவே பலவீனமாகிக்கொண்டு வந்திருக்கிறது என்றார். நெஞ்சு தள்ள முடியாத நீர் காலில் தேங்கி, வயிற்றில் தேங்கி, இப்போது நுரையீரலுக்கும் வந்துவிட்டதாம்.

“கால் வீக்கம் எப்ப இருந்து?”

“அது ஜவுளிக்கடையில நின்ன காலு டாக்டர். அங்க எல்லாருக்கும் இருக்கும்.”

“வீட்டுல என்ன சாப்பிடுதாங்க?”

அட்டவணை எனக்கு மனப்பாடம். வரிசையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர், தண்ணீர் நான்கு லிட்டர் என்றதும் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

“யார் குடிக்கச் சொன்னது?”

டாக்டர் ஒருவர்தான் சொன்னார் என்றேன். பெயர் கேட்டார். வாட்ஸப்பில் பெயர் போட்டிருக்கவில்லை.

“இந்த அம்மாவுக்கு ஏறுனது சதை இல்ல சார், தண்ணி” என்றார். என்னைவிட எவ்வளவு சின்னப் பெண். குரல் உயர்த்தவே இல்லை. நர்சுகள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சங்கரி வந்துவிட்டாள். நேராக அம்மா கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மூன்று நாளாக ஊசி போட்டும் வயிற்றில் குழாய் விட்டும் நீரைப் பிரிக்கிறார்கள். இன்று கோமுவை எடை பார்த்தார்கள். ஐம்பத்தைந்து.

நீர் போன பிறகு பார்த்தால் ஆள் அடையாளமே தெரியவில்லை. தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. கை குச்சியாக இருக்கிறது, வளையல் முழங்கை வரைக்கும் போகிறது. சங்கரி அம்மாவின் கையைத் தடவிக்கொண்டே, “பட்டினி போட்டிருக்கீங்க” என்றாள். எனக்கு முகம் கொடுக்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். இவள் இவ்வளவு மெலிந்திருந்தாள் என்று வெளியே தெரிந்தால்தானே? மெஷின் எழுபது என்றது. நான் மெஷினைத்தானே பார்க்க முடியும்?

சங்கரி மாத்திரை வாங்கப் போனபோது கோமு கண்ணைத் திறந்தாள். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று, “ஐம்பத்தெட்டுக்கும் கீழ வந்துட்ட” என்றேன்.

ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, “அப்ப நாற்காலி?” என்றாள்.

கொண்டுவருகிறேன் என்றேன். சாயங்காலம் மாடிக்குப் போனேன். இரண்டு மாத வெயிலில் நீலம் வெளுத்துப் போயிருந்தது, காக்கை எச்சம் வேறு. கழுவி எடுக்க வேண்டும். இருட்டிவிட்டது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்றும் கழுவவில்லை. மருந்துக்கு அலையவே நேரம் சரியாகிவிட்டது. நாளை மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார்கள். எடை மெஷினை எடுத்துப் பரண்மேல் போட்டேன். வந்ததும் அவள் கண்ணில் பட வேண்டாம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். சங்கரி கேன்டீனில் இருந்தாள். கோமு கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கனைத்தேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். மாஸ்க்கைப் பிடுங்கினாள். ட்ரிப் குழாயோடு காலைக் கீழே போட்டு எழுந்து நின்றாள். ஒரு கணம் நேராகவே நின்றாள், கையை முன்னால் கோத்துக்கொண்டு, கவுண்டரில் நிற்பது போல. பிறகு விழுந்தாள்.

நான் எழுந்திருக்கச் சொல்லவில்லை. நர்ஸ் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். டாக்டர் கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். நான் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

மூன்றே காலுக்கு முடிந்துவிட்டது என்றார்கள்.

ஆகஸ்ட் 10, சனி

நேற்று எல்லாம் முடிந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

காலையிலேயே பாக்கியம் வந்துவிட்டாள். அவள் சொல்லி அனுப்பி, கடையில் கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். பட்டு, பூனம், சுடிதார், பிளவுஸ் பிட், ஒரு பிரிவு பாக்கியில்லை. எல்லோருக்கும் வயதாகிவிட்டது. ஒருத்தி கைத்தடியோடு வந்தாள், ஒருத்தி முழங்காலில் பட்டை கட்டியிருந்தாள். இரண்டு பேரைத் தாங்கித்தான் படி ஏற்ற வேண்டியிருந்தது. எல்லாக் கால்களும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன.

வாடகை நாற்காலி போதவில்லை. சங்கரி மாடிக்குப் போய் அந்த நீல நாற்காலியைத் தூக்கி வந்தாள். குழாயடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவி முடித்து யாரையும் உட்காரச் சொல்லாமல் அம்மாவின் தலைமாட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். கொஞ்ச நேரம் காலியாகவே கிடந்தது. பிறகு பாக்கியத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அதில் உட்கார வைத்தாள்.

வாசலில் ஆண்களோடு நின்றிருந்த நான், நேரமாகிறது என்று சொல்ல உள்ளே போனேன். கூடம் நிறைய அவர்கள்தான். அழுகை நின்றது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருடம் நான் உள்ளே வந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படியே ஒரே நேரத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. நான் கனைத்தேன்.

பாக்கியம் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை.